மணி அடிப்பது வேறு, மார்க் போடுவது வேறு!



"கம்ப்யூட்டர் கட்டுரையா? நமக்குப் புரியாதுப்பா"ன்னு பக்கத்துல ஒட்டியிருக்கிற விடுகதைப் பக்கத்துக்கு ஓடிடாதீங்க. ஒரு பத்து நிமிஷம் நில்லுங்க. நம்ம பள்ளி நூலகத்தில் ஏழாம் வகுப்புத் தம்பி ஒருவன், கொடுக்க வேண்டாத 20 ரூபாயை அபராதமாகக் கொடுத்த கதை இது. அந்தத் தப்புக்குக் காரணம் நான்தான். கோபத்தினாலோ கவனக் குறைவினாலோ நடந்த தப்பு இல்லை. 'ஆஸ்பெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங்' என்ற ஒரு நல்ல முறையைத் தப்பான இடத்தில் வைத்ததால் நடந்தது. பாடப் புத்தகத்தில் 'பொருள்நோக்கு நிரலாக்கம்' என்று படிக்கிறோம் இல்லையா? அதே மாதிரி இதைக் 'கூறுநோக்கு நிரலாக்கம்' என்று வைத்துக்கொள்வோம்.

மணி அடிக்கிற அண்ணா

முதலில் ஒரு கேள்வி. நம்ம பள்ளியில் ஒரு நாளைக்கு எட்டு பீரியட். ஒவ்வொரு பீரியட் முடியும்போதும் மணி அடிக்கணும். அதை அந்தந்த வகுப்பில் இருக்கும் ஆசிரியரே செய்யணும் என்று வைத்தால் என்ன ஆகும்?

கணக்கு சார் பாதிக் கணக்கில் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு ஓடணும். தமிழ் அம்மா செய்யுளின் நடுவில் கடிகாரத்தைப் பார்க்கணும். யாராவது ஒருவர் மறந்தால் அடுத்த வகுப்பு குழம்பிப் போகும். தேர்வு நாட்களில் நேரம் மாறினால் எல்லா ஆசிரியரிடமும் தனித்தனியாகச் சொல்லணும்.

இப்போது அப்படி இல்லை. ஒரே அண்ணா, ஒரே மணி. ஆசிரியர்கள் பாடத்தை மட்டும் பார்த்துக்கொள்கிறார்கள். நேரம் மாறினால் அந்த ஒரு அண்ணாவிடம் சொன்னால் போதும்.

ஆஸ்பெக்ட் முறையின் அடிப்படை இவ்வளவுதான். நம்புங்க!

மென்பொருளில் மணி எங்கே?

ஒரு வங்கி மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதில் பணம் போடுவதற்கு ஒரு ஃபங்ஷன் (செயற்கூறு), எடுப்பதற்கு ஒன்று, ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றுவதற்கு ஒன்று இருக்கும். எவ்வளவு எடுக்கலாம், குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு, வட்டி எப்படி என்ற விதிகள்தான் அதன் உயிர். இவற்றைத்தான் 'பிசினஸ் லாஜிக்' என்கிறார்கள். பிசினஸ் என்றால் வியாபாரம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அந்த மென்பொருள் எந்த வேலைக்காக இருக்கிறதோ அந்த வேலையின் விதிகள்தான் பிசினஸ் லாஜிக். மருத்துவமனைக்கு டோக்கன் விதி, நூலகத்துக்கு அபராத விதி.

ஆனால் இந்த மூன்று ஃபங்ஷனிலும் வேறு சில வேலைகளும் திரும்பத் திரும்ப வரும். வந்திருப்பவர் அனுமதி உள்ளவரா என்று பார்க்கணும். யார், எப்போது, என்ன செய்தார் என்று குறிப்பு எழுதணும் (இதற்கு 'லாக்' என்று பெயர்). நடுவில் கரன்ட் போனால், பாதி செய்ததை ரத்து செய்யணும். நூறு ஃபங்ஷன் இருந்தால் நூறு இடத்திலும் இதே வரிகளை எழுதணும்! இப்படி எல்லாவற்றிலும் குறுக்கே ஓடும் வேலைகளை 'கிராஸ் கட்டிங் கன்சர்ன்' என்று சொல்கிறார்கள். இவைதான் மென்பொருளின் மணி.

இதைக் கண்டுபிடித்தவர்கள்

வேலைகளைக் கலக்காமல் ஒவ்வொன்றாகப் பிரித்து யோசிக்க வேண்டும் என்பதை, நெதர்லாந்து நாட்டு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1974-லேயே எழுதியிருக்கிறார். ஆனால் குறுக்கே ஓடும் வேலையை எப்படித் தனியாகப் பிரிப்பது? அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் உள்ள 'ஜெராக்ஸ் பார்க்' ஆய்வுக்கூடத்தில் கிரகர் கிக்சாலஸும் அவருடைய குழுவினரும் இதற்கு வழி சொன்னார்கள். 1997-ல் ஃபின்லாந்தில் நடந்த ஒரு மாநாட்டில் ஏழு பேர் சேர்ந்து எழுதிய கட்டுரையில்தான் 'ஆஸ்பெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங்' என்ற முறை விளக்கப்பட்டது. பிறகு ஜாவா மொழியோடு சேர்ந்து வேலை செய்யும் 'ஆஸ்பெக்ட்ஜே' வந்தது. அதன் 1.0 பதிப்பு 2001-ல் வெளியானது. 2004-ல் 1.0 பதிப்பாக வந்த 'ஸ்பிரிங்' என்ற ஜாவா கட்டமைப்பும் இந்த முறையைச் சேர்த்துக்கொண்டது. இன்றைக்கும் அலுவலக மென்பொருள் எழுதுபவர்கள் பலர் ஸ்பிரிங் வழியாகத்தான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

ஐந்தே சொற்கள்

இந்த முறையைப் புரிந்துகொள்ள ஐந்து சொற்கள் போதும்.

1. ஜாயின் பாயின்ட்: நிரல் ஓடும்போது நாம் உள்ளே நுழையக்கூடிய ஓர் இடம். ஒரு ஃபங்ஷன் அழைக்கப்படும் நேரம் மாதிரி. நம்ம கதையில் 'பீரியட் முடிகிற நேரம்'.

2. பாயின்ட்கட்: எந்தெந்த இடத்தில் நுழையணும் என்று சொல்லும் விதி. "எல்லா பீரியடும்" என்றும் சொல்லலாம், "மதிய பீரியட் மட்டும்" என்றும் சொல்லலாம்.

3. அட்வைஸ்: அங்கே போய்ச் செய்ய வேண்டிய வேலை. (வீட்டில் தினமும் நமக்குக் கிடைக்கும் அட்வைஸ் இல்லைங்க!) இதை ஃபங்ஷனுக்கு முன்பும் செய்யலாம், பின்பும் செய்யலாம், அல்லது ஃபங்ஷனைச் சுற்றி வளைத்து அதன் விடையையே மாற்றவும் செய்யலாம். கடைசியில் சொன்னதைக் கவனமாக நினைவில் வையுங்கள். என் தப்பு அங்கேதான் நடந்தது.

4. ஆஸ்பெக்ட்: பாயின்ட்கட்டையும் அட்வைஸையும் சேர்த்துக் கட்டிய மூட்டை. மணி அடிக்கிற அண்ணா.

5. வீவிங்: அதாவது நெசவு. தனியாக எழுதிய ஆஸ்பெக்டை மற்ற நிரலோடு சேர்த்து நெய்வது. இதைக் கணினியே செய்துவிடும்.

எங்கள் நூலக நிரல்

போன வருஷம் நாங்கள் பதினோராம் வகுப்பு. பன்னிரண்டாம் வகுப்பில் வரும் பைத்தான் மொழியைக் கணினி சார் எங்களுக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார். நூலக மிஸ் பெரிய நோட்டில் கோடு போட்டு எழுதுவதைப் பார்த்துவிட்டு, நாங்கள் மூன்று பேர் ஒரு நிரல் எழுதிக் கொடுத்தோம். ஜூலை மாதம் அது வேலைக்கு வந்தது.

விதிகள் எளிமையானவை. ஒருவர் இரண்டு புத்தகம் எடுக்கலாம். 14 நாளில் திருப்பித் தரணும். தாண்டினால் ஒரு புத்தகத்துக்கு ஒரு நாளைக்கு 1 ரூபாய் அபராதம். முக்கியமான இன்னொரு விதி: கெடு விடுமுறையில் முடிந்தால், பள்ளி திறக்கிற அன்றைக்குக் கொடுத்தால் அபராதம் கிடையாது. இது நூலகச் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது.

அப்போது சென்னையில் வேலை பார்க்கும் என் பெரியம்மா மகன் அண்ணாதான் எனக்கு ஆஸ்பெக்ட் பற்றிச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம்! பைத்தானில் ஒரு ஃபங்ஷனை இன்னொரு ஃபங்ஷனால் சுற்றிக் கட்டலாம். அதை வைத்து இரண்டு ஆஸ்பெக்ட் எழுதினேன்.

முதலாவது, லாக். நிரலில் உள்ள எல்லா ஃபங்ஷனும் ஓடும்போது தேதி, நேரம், ஃபங்ஷன் பெயர், வந்த விடை எல்லாவற்றையும் ஒரு கோப்பில் எழுதும்.

இரண்டாவது, விடுமுறை விதி. 'ஃபைன்' என்று பெயர் தொடங்கும் எந்த ஃபங்ஷனானாலும் அதைச் சுற்றி வளைத்து, விடுமுறை விதி பொருந்தினால் விடையைப் பூஜ்யமாக்கும்.

"அபராத ஃபங்ஷனில் விடுமுறையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, ஆனாலும் வேலை செய்யுது பாருங்க!" என்று எல்லோரிடமும் பெருமை அடித்தேன். காலாண்டு விடுமுறைக்குப் பிறகு சரியாகவே வேலை செய்தது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இருபது ரூபாய்

எங்கள் மூவரில் ஒரு தோழிக்குத் தமிழ் என்றால் உயிர். பைத்தானில் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம் என்று தெரிந்ததும், நவம்பரில் ஒரு நாள் உட்கார்ந்து எல்லாப் பெயரையும் மாற்றினாள். ஆங்கில எழுத்தில் 'ஃபைன்' என்று தொடங்கிய ஃபங்ஷன் 'அபராதம்' ஆனது. அழைக்கும் இடங்களிலும் ஒன்றுவிடாமல் மாற்றினாள். ஓட்டிப் பார்த்தாள். ஒரு பிழையும் வரவில்லை.

பிழை எப்படி வரும்? என் ஆஸ்பெக்ட் 'ஃபைன்' என்று தொடங்கும் பெயரைத் தேடியது. அப்படி ஒன்றும் இல்லை. "சரி, இல்லை போல" என்று பேசாமல் இருந்துவிட்டது. விடுமுறை விதி நிரலிலிருந்து சத்தமில்லாமல் கழன்று விழுந்தது.

அரையாண்டு விடுமுறை வந்தது. அந்தத் தம்பி டிசம்பர் 9-ஆம் தேதி இரண்டு புத்தகம் எடுத்திருந்தான். கெடு 23-ஆம் தேதி. அன்றைக்கே விடுமுறை தொடங்கிவிட்டது. ஜனவரி 2-ஆம் தேதி பள்ளி திறந்ததும் முதல் ஆளாகக் கொண்டு வந்து கொடுத்தான். நிரல் 10 நாள் தாமதம் என்று எண்ணியது. இரண்டு புத்தகம். 20 ரூபாய்.

நூலக மிஸ்ஸுக்கு அன்று ஒரே கூட்டம். திரையில் வந்ததைச் சொன்னார். அவன் ஒன்றும் பேசவில்லை. பெட்டியிலிருந்து சில்லறையாக எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு அவன் நூலகத்துக்கு வரவே இல்லை. தினமும் மதிய இடைவேளையில் வந்து உட்காரும் பையன். மூன்று வாரம் கழித்து மிஸ்தான் கவனித்து, கூப்பிட்டுக் கேட்டார். "சுவத்துல அபராதம் இல்லேன்னு போட்டிருந்துச்சு மிஸ். ஆனா கம்ப்யூட்டர் சொன்னா கரெக்டாத்தான் இருக்கும்னு நெனச்சேன். இனிமே எடுக்க வேணாம்னு விட்டுட்டேன்" என்றானாம்.

மிஸ் எங்களைக் கூப்பிட்டு விட்டார். திட்டவில்லை. "சுவத்துல ஒண்ணு, மெஷின்ல ஒண்ணுன்னா, பிள்ளைங்க எதை நம்பும்?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

தப்பு எங்கே இருந்தது?

முதலில் தோழியைத்தான் நினைத்தேன், மறைக்க மாட்டேன். ஆனால் அவள் செய்தது தப்பே இல்லை. அபராத ஃபங்ஷனை மேலிருந்து கீழ் வரை படித்தாலும் 'விடுமுறை' என்ற சொல்லே அதில் கிடையாது. பெயரை மாற்றினால் ஒரு விதி செத்துப்போகும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? இந்தக் குறையை 'ஃபிரஜைல் பாயின்ட்கட்' என்கிறார்கள். தொட்டால் உடையும் பாயின்ட்கட் என்று பொருள்.

2000-ல் ராபர்ட் ஃபில்மன், டேனியல் ஃபிரீட்மன் என்ற இருவர் ஆஸ்பெக்ட் முறைக்கு இரண்டே குணம்தான் என்று எழுதினார்கள். ஒரே கட்டளையில் பல இடங்களைப் பிடிக்கலாம் என்பது ஒன்று. பிடிபடும் நிரல் அதை அறியாமலே இருக்கும் என்பது இன்னொன்று. யோசித்துப் பாருங்கள். மணி அடிப்பதை ஆசிரியர் நினைத்துக்கொண்டே இருக்க வேண்டாம் என்பது நல்லது. ஆனால் ஆசிரியர் 78 என்று மார்க் போட்டு வைத்த தாளை, அவருக்கே தெரியாமல் வெளியே இருந்து ஒருவர் வந்து 83 என்று திருத்திவிட்டுப் போனால்? அந்த 83 நியாயமாகவே இருந்தாலும், நாளைக்கு "ஏன் 83?" என்று கேட்டால் ஆசிரியரால் பதில் சொல்ல முடியுமா? என் லாக் ஆஸ்பெக்ட் மணி அடித்தது. என் விடுமுறை ஆஸ்பெக்ட் மார்க்கைத் திருத்தியது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. விடையை மாற்றும் ஆஸ்பெக்ட் இரண்டு இருந்தால் எது முதலில் ஓடும்? ஒரு கடை பில் 500 ரூபாய் என்று வைப்போம். 50 ரூபாய் தள்ளுபடி, 18 சதவீதம் வரி. தள்ளுபடி முதலில் என்றால் 450-க்கு வரி போட்டு 531 ரூபாய். வரி முதலில் என்றால் 590, அதில் 50 போக 540 ரூபாய். ஒரே பில், ஒன்பது ரூபாய் வித்தியாசம்! வரிசையைக் குறிப்பிட ஆஸ்பெக்ட்ஜேயில் வசதி இருக்கிறது. ஆனால் மறந்துவிட்டால் பில் போடும் ஃபங்ஷனைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. இதையே ஒரே ஃபங்ஷனில் இரண்டு வரியாக எழுதியிருந்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

காப்பாற்றியதும் ஆஸ்பெக்ட்தான்!

அப்படியானால் இந்த முறையே மோசமா? இல்லவே இல்லை. அந்த 20 ரூபாயைக் கண்டுபிடித்துக் கொடுத்தது என்னுடைய லாக் ஆஸ்பெக்ட்தான். அது பெயரைப் பார்க்காமல் எல்லா ஃபங்ஷனையும் பிடித்ததால் அறுந்துபோகவில்லை. கோப்பைத் திறந்து பார்த்தோம். நவம்பர் 18-ஆம் தேதி முதல் புதுப் பெயர் தெரிந்தது. ஜனவரி 2-ஆம் தேதிப் பக்கத்தைப் பார்த்தோம். அந்தத் தம்பியோடு சேர்த்து மொத்தம் 17 பேர் கொடுக்க வேண்டாத அபராதம் கொடுத்திருந்தார்கள். மிஸ் எல்லோரையும் கூப்பிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். லாக் இல்லையென்றால் அந்த 16 பேரை யார் தேடியிருப்பார்கள்?

பிசினஸ் லாஜிக்கை ஆஸ்பெக்ட் தொடவே கூடாது என்றும் இல்லை. பணம் மாற்றும் ஃபங்ஷனை எடுங்கள். ஒரு கணக்கில் குறைந்து இன்னொன்றில் ஏற வேண்டும். இரண்டும் நடக்கணும், இல்லையென்றால் இரண்டுமே நடக்கக் கூடாது. ஸ்பிரிங்கில் இதற்கு அந்த ஃபங்ஷனின் தலையில் 'டிரான்சாக்ஷனல்' என்று ஒரு குறி போட்டால் போதும். காவல் வேலையை ஆஸ்பெக்ட் பார்த்துக்கொள்ளும். இங்கே கவனியுங்கள். ஆஸ்பெக்ட் வெளியே இருக்கிறது, ஆனால் குறி ஃபங்ஷனின் மேலேயே கண்ணுக்குத் தெரிகிறது. படிப்பவர் ஏமாற மாட்டார். பெயரை மாற்றினாலும் குறி கூடவே இருக்கும். பைத்தானிலும் 2004 முதல் ஃபங்ஷன் மேல் '@' போட்டு இப்படிக் குறி வைக்க முடிகிறது.

இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது என்று அண்ணா சொன்னார். ஸ்பிரிங் சாதாரணமாக வாசலில் ஒரு வாட்ச்மேனை நிறுத்துகிற மாதிரிதான் வேலை செய்யும். வெளியிலிருந்து வரும் அழைப்பு அவரைத் தாண்டித்தான் போகும். ஆனால் ஒரே கிளாஸுக்குள் ஒரு ஃபங்ஷன் பக்கத்து ஃபங்ஷனை நேரே கூப்பிட்டால், வீட்டுக்குள் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகிற மாதிரி. வாட்ச்மேனுக்கே தெரியாது! குறி இருந்தும் காவல் இருக்காது. அதனால் குறி போட்டாலும் சோதித்துப் பார்க்கணும்.

மூன்று கேள்விகள்

நிரலைத் திருத்தி எழுதும்போது நாங்கள் மூன்று கேள்வி வைத்துக்கொண்டோம். கணினி எடுத்துப் படிக்கப் போகும் தம்பி தங்கைகள் குறித்துக்கொள்ளுங்கள்.

1. இந்த வரிகளை எடுத்துவிட்டால் பயனாளருக்குக் கிடைக்கும் விடை மாறுமா? மாறும் என்றால் அது பிசினஸ் லாஜிக். ஃபங்ஷனுக்கு உள்ளேயே எழுது.

2. இது எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி பொருந்துமா? ஒரே ஓர் இடத்துக்குத்தான் என்றால் ஆஸ்பெக்ட் எதற்கு? தெருவுக்கு ஒரு வீடு இருந்தால் அதற்குப் போய் மணிக்கூண்டு கட்டுவார்களா?

3. புதிதாக வந்து படிப்பவருக்கு இது நடக்கிறது என்று தெரியுமா? தெரியாது என்றால் குறி போடு, இல்லையென்றால் ஆஸ்பெக்டை விட்டுவிடு.

என் விடுமுறை விதி மூன்றிலும் தோற்றுப்போனது. இப்போது அது 'அபராதம்' ஃபங்ஷனுக்குள் நான்கே வரியாக இருக்கிறது. பெருமை அடிக்க ஒன்றும் இல்லை. ஆனால் சுவரில் இருக்கும் விதியும் நிரலில் இருக்கும் விதியும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படிக்கிற மாதிரி ஒன்றாக இருக்கிறது. "விடுமுறையில் கெடு முடிந்தால் அபராதம் பூஜ்யம்தானா?" என்று சோதிக்கும் ஒரு சிறு நிரலும் சேர்த்துவிட்டோம். இனி யார் எந்தப் பெயரை மாற்றினாலும், விதி உடைந்தால் அது உடனே கத்தும். லாக் ஆஸ்பெக்ட் அப்படியே வெளியே இருக்கிறது, மணி அடிக்கிற அண்ணா மாதிரி.

அந்தத் தம்பியிடம் நானே போய் 20 ரூபாயைக் கொடுத்து, "தப்பு உன்னோடது இல்லடா, அக்கா எழுதினது தப்பு" என்றேன். "கம்ப்யூட்டர் தப்பு பண்ணுமா அக்கா?" என்று கேட்டான். "அது நாங்க சொன்னதைத்தான் பண்ணும். நாங்க சொன்னதை எங்களாலயே படிக்க முடியாத மாதிரி எழுதிட்டோம்" என்றேன். புரிந்ததோ இல்லையோ, மறுநாள் மதியம் நூலகத்தில் அவனைப் பார்த்தேன்.

உங்கள் அபராதக் கணக்கில் சந்தேகம் இருந்தால், தயங்காமல் நூலக மிஸ்ஸிடம் கேளுங்கள். கம்ப்யூட்டர் சொன்னாலும் கேளுங்கள்!



இப்படிக்கு,
பன்னிரண்டாம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு மாணவி